அத்தை பார்த்த உதடும் நாங்கள் கேட்ட குரலும்

தொண்ணூறுகளில் கல்யாணம் ஆன எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும் ஒரு வீடியோ கேசட் இருக்கும். பட்டுப்புடவைக்கு அடியில், நகைச்சீட்டு அட்டைக்குப் பக்கத்தில், பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருப்பார்கள். அதைப் போட்டுப் பார்க்கிற டெக் இப்போது யாரிடமும் இல்லை. அதனால் 2005, 2008 வாக்கில் பலரும் பக்கத்து ஊர் ஸ்டுடியோவில் கொடுத்து டி.வி.டி.யாக மாற்றிக்கொண்டார்கள். 'இனிமே கவலை இல்லை, சி.டி. கெட்டுப்போகாது' என்று சொல்லி, பளபளக்கும் வட்டத் தகடு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பெயர் என்னவோ டி.வி.டி.தான், நாம் எல்லோரும் சொல்வது சி.டி.

அந்தத் தகட்டைப் போட்டுப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு இந்த அனுபவம் இருந்திருக்கும். ஆரம்பத்தில் எல்லாம் சரியாக இருக்கும். முக்கால் மணி நேரம் போனதும் மாப்பிள்ளையின் தாத்தா வாயை மூடிய பிறகு அவர் குரல் வரும். தவில்காரர் கையை ஓங்கியிருக்கும்போது அடி கேட்கும். பார்த்தால் சிரிப்பு வரும். 'பழைய கேசட்டு, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுவோம்.

எங்கள் அத்தையால் அப்படி விட முடியவில்லை.

மொபெட்டும் சைக்கிளும்

எங்கள் ஊர் பெருமுக்கல். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில், பாறைகளை அடுக்கி வைத்ததுபோல ஒரு மலை தெரியுமே, அதன் அடிவாரம். அத்தையைக் கொடுத்தது மரக்காணத்தில். மாமாவுக்கு உப்பள வேலை. 1994 ஆவணியில், எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்த கல்யாணம். அப்போது நான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு கேமரா போகிற இடமெல்லாம் ஓடிய கூட்டத்தில் ஒருத்தி.

மாமா அதிகம் பேசாதவர். உப்பளத்தில் விடியலில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் பாதி வேலையை முடித்துவிட்டு வருகிற மனிதர். வீட்டில் கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. 2019ல் தவறிவிட்டார். போட்டோ நிறைய இருக்கிறது. குரல் என்று பார்த்தால் அந்தக் கல்யாண டி.வி.டி.யில் உள்ள ஆறு விநாடிதான். பந்தி நடக்கும்போது வீடியோக்காரர் 'மாப்பிள்ளை, ஏதாச்சும் சொல்லுங்க' என்று கேட்க, மாமா கேமராவைப் பார்த்து, 'எல்லாரும் இருந்து சாப்ட்டுட்டுத்தான் போவணும்' என்கிறார். அதற்கு அடுத்த காட்சி ரச வாளி.

அத்தைக்கு இப்போது இரண்டு காதும் மந்தம். காது மெஷின் வைத்திருக்கிறார். ஆனாலும் எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்தால்தான் பேச்சு முழுதாகப் புரியும். மாமா போன பிறகு பெருமுக்கலுக்கே வந்துவிட்டார். சாயந்திரம் ஆனால் அந்த டி.வி.டி.யைப் போடுவார். அந்த ஆறு விநாடி வரும் இடத்தில் டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார்.

ஒரு நாள் என்னிடம் கேட்டார். "ஏம்மா, சாப்ட்டுட்டுப் போவணும்னு சொன்னதுக்கு அப்புறமும் வாய் அசையுதே, என்னா சொல்றாரு?"

"அவ்ளோதான் அத்தை. வேற ஒண்ணும் கேக்கல."

"இல்ல. 'எங்க அப்பா'ன்னு ஏதோ சொல்றாரு. எனக்கு உதடு தெரியுது."

அத்தை இதை லேசாகக் கேட்கவில்லை. கல்யாணத்தில் மொபெட் தருவதாகப் பேச்சு. எங்கள் தாத்தாவால் முடியாமல் சைக்கிள்தான் வாங்கிக் கொடுத்தார். மாமா அதைப் பற்றி வாழ்நாளில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு மனதில் இருந்ததோ என்னவோ, ஊரார் பார்க்கிற வீடியோவில் தன் அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டாரோ என்று அத்தைக்கு ஒரு முள். கேட்டுத் தெரிந்துகொள்ள மாமா இல்லை. மூல கேசட்டைத் தேடி எடுத்தால், கடற்கரை ஈரத்தில் நாடா முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை. மிச்சம் இருந்தது அந்த டி.வி.டி. மட்டும்தான்.

கண் காதுக்குச் சொல்லும் சேதி

பேச்சைக் காதால் மட்டும் கேட்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் கண்ணும் சேர்ந்து கேட்கிறது. 1976ல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 'ப' என்ற ஒலிக்கு 'க' என்று சொல்லும் வாயைப் பொருத்திக் காட்டினால், பலருக்கும் அது 'ட' போன்ற மூன்றாவது ஒலியாகக் கேட்கிறது. கண் பார்த்ததும் காது கேட்டதும் மூளையில் கலந்து புதிதாக ஒன்று பிறந்துவிடுகிறது. கூச்சல் அதிகமான இடத்தில் பேசுபவரின் முகத்தைப் பார்த்தால் பேச்சு நன்றாகப் புரியும் என்பதை 1954லேயே சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். காது மந்தமானவர்களுக்கு வீடு, தெரு, பந்தி எல்லாமே கூச்சலான இடம்தான். நமக்கு அரை விநாடித் தாமதம் ஒரு வேடிக்கை, அவர்களுக்கோ அது பேச்சையே பறித்துவிடும்.

படத்துக்கும் ஒலிக்கும் எவ்வளவு இடைவெளி வரலாம் என்பதற்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998ல் ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறது. ஒலி முந்தி வந்தால் 45 மில்லி விநாடியிலேயே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பிந்தி வந்தால் 125 மில்லி விநாடி வரை தெரியாது. ஏன் இந்த ஓரவஞ்சனை? இயற்கையில் ஒலி எப்போதும் பிந்தித்தான் வரும். மின்னல் முதலில், இடி பிறகு. ஏரிக்கு அக்கரையில் ஒருவர் துணியை ஓங்கிக் கல்லில் அடிப்பது முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. துவைப்பவர் 170 மீட்டர் தள்ளி இருந்தால் அரை விநாடி தாமதம். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்துப் பழகிய மூளை, பிந்தி வரும் ஒலியைக் கொஞ்சம் மன்னிக்கிறது. முந்தி வருவதை மன்னிப்பதில்லை.

நம் நாட்டு வீடியோவில் விநாடிக்கு 25 படங்கள். ஒரு படத்துக்கு 40 மில்லி விநாடி. ஆக, ஒலி மூன்று படம் பிந்தினால் பரவாயில்லை. மாமா பேசும் இடத்தில் அது முப்பது படத்துக்கு மேல் பிந்தியிருந்தது.

முதலில் யார் மேல் குற்றம்?

என் தம்பி மகன் பார்த்துவிட்டு, "சவுண்டை மொத்தமா முன்னாடி தள்ளிட்டா சரியாயிடும் அத்தை" என்றான். தள்ளுவதற்கு முன்னால் நோய் எது என்று பார்க்க வேண்டும். ஜுரம் என்றாலே ஒரே மாத்திரை கொடுக்க முடியாதல்லவா?

முதல் கேள்வி, கோளாறு தகட்டிலா, கருவியிலா? அதே டி.வி.டி.யை இன்னொரு வீட்டு பிளேயரிலோ கணினியிலோ போட்டுப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் தகடு நிரபராதி. ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டும்போது சரியாகி, கொஞ்ச நேரத்தில் மறுபடி பிசகினாலும் பிளேயரைத்தான் சந்தேகிக்க வேண்டும். தகட்டைப் படிக்க அது திணறுகிறது. வீட்டில் பதிவு செய்த தகடுகளில் இது சகஜம். கீறல், கைரேகை, மலிவான தகடு, அவசர வேகத்தில் பதிந்தது என்று காரணம் பல. மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராகத் துடைத்தாலே சில தகடுகள் குணமாகும். வட்டமாகத் துடைக்காதீர்கள். அந்தக் கீறல் பதிவு ஓடும் திசையிலேயே விழுந்து, படிப்பதை இன்னும் கெடுக்கும்.

புது மாடல் தட்டை டி.வி. வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த டி.வி. படத்தை மெருகேற்றிக் காட்டச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். டி.வி.டி. பிளேயரிலிருந்து ஒலியை நேராக ஹோம் தியேட்டர் பெட்டிக்குக் கொடுத்திருந்தால், ஒலி முந்திவிடும். ப்ளூடூத் ஸ்பீக்கர் என்றால் ஒலி பிந்தும். ஒலி போகும் கருவியின் அமைப்பில், அது டி.வி.யோ ஹோம் தியேட்டர் பெட்டியோ, 'ஆடியோ டிலே' அல்லது 'லிப் சிங்க்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே சரிசெய்து பார்க்கலாம்.

அத்தையின் டி.வி.டி. மூன்று கருவியிலும் ஒரே இடத்தில் ஒரே அளவு பிசகியது. குற்றம் தகட்டில்தான்.

மாறாத பிசகு, வளரும் பிசகு, படிப்படியான பிசகு

அடுத்து, பிசகு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். இதில் மூன்று வகை.

முதல் நிமிடத்தில் அரை விநாடி, கடைசி நிமிடத்திலும் அதே அரை விநாடி என்றால் அது மாறாத பிசகு. தம்பி மகன் சொன்ன மருந்து இதற்குத்தான். மொத்த ஒலியையும் அந்த அளவு நகர்த்தினால் போதும். நிரந்தரமாகச் சரிசெய்யாமல் பார்த்தால் போதும் என்றால், கணினியில் வி.எல்.சி. என்ற இலவச பிளேயரில் ஓட்டி, ஜே எழுத்தை ஒருமுறை அழுத்தினால் ஒலி 50 மில்லி விநாடி முன்னே வரும். கே எழுத்தை அழுத்தினால் அதே அளவு பின்னே போகும். விண்டோஸ் கணினியில் இப்படி.

ஆரம்பத்தில் சரியாக இருந்து, நிமிடத்துக்கு நிமிடம் சீராகக் கூடிக்கொண்டே போனால் அது வளரும் பிசகு. இரண்டு கடிகாரம் ஒத்துப்போகாத கதை. கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றும்போது படத்தை ஒரு கார்டும் ஒலியை இன்னொரு கார்டும் வாங்கியிருக்கும். ஒலிக் கார்டு விநாடிக்கு 44,100 முறை அளக்க வேண்டியது. அது 44,090 முறைதான் அளந்தால் மணிக்குச் சுமார் 0.8 விநாடி வித்தியாசம் விழும். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய வீடியோ என்றால் விநாடிக்கு 29.97 படம். அதை 30 என்று எண்ணிக்கொண்டு மாற்றினால் மணிக்கு 3.6 விநாடி விலகும். மருந்து, ஒலியை அந்த விகிதத்தில் மிக லேசாக நீட்டுவது அல்லது சுருக்குவது. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் குரல் கட்டை மாறாமல் செய்யலாம்.

மூன்றாவது, கொஞ்ச நேரம் சரியாக ஓடி, திடீரென்று ஒரு இடத்தில் தாவி, மறுபடி கொஞ்ச நேரம் அப்படியே ஓடி, இன்னொரு இடத்தில் தாவுவது. கேசட்டில் நாடா கசங்கிய இடம், தேய்ந்த இடம் வரும்போது கணினியால் படத்தைப் பிடிக்க முடியாமல் சில படங்களை விட்டுவிடும். ஒலி மட்டும் விடாமல் பதிவாகும். பத்துப் படம் விழுந்தால் 0.4 விநாடி. அங்கிருந்து படம் முன்னே ஓட, ஒலி பின்னே நொண்டிக்கொண்டு வரும்.

எது என்று கண்டுபிடிக்க, பார்த்தவுடன் தெரிகிற ஒரு அடி வேண்டும். சினிமாவில் க்ளாப் போர்டு தட்டுவது இதற்குத்தான். சட்டம் மூடுகிற படமும் 'டப்' என்ற ஒலியும் எங்கே சேர்கின்றன என்று பார்த்து இரண்டையும் ஒட்டுவார்கள். கல்யாண வீடியோவில் க்ளாப் போர்டுக்குப் பஞ்சமே இல்லை. மாப்பிள்ளை அழைப்பில் தேங்காய் உடைப்பார்கள். தவிலில் குச்சி விழும். அம்மி மேல் மெட்டி போடும்போது யாராவது கை தட்டுவார்கள். பந்தியில் யாரோ எவர்சில்வர் தம்ளரைக் கீழே போடுவார்கள்.

ஒரு தொல்லையும் உண்டு. அந்தக் கால வீடியோக்காரர்கள் முக்கால்வாசிக் காட்சிக்கு மேல் சினிமாப் பாட்டு போட்டுவிடுவார்கள். ரோஜாப்பூவுக்குள் பெண், மேகத்துக்குள் மாப்பிள்ளை, பின்னணியில் பாட்டு. அங்கே பிசகு இருந்தாலும் தெரியாது. இயற்கை ஒலி விட்ட இடங்களில் மட்டும்தான் அளக்க முடியும்.

தகட்டில் இருந்ததைக் கணினிக்கு நகலெடுத்து, ஒரு இலவச எடிட்டிங் மென்பொருளில் திறந்தேன். ஒலி அலை அலையாகக் கோடாகத் தெரியும். தேங்காய் உடைவது ஒரு கூரான முள்ளாக நிற்கும். ஒவ்வொரு படமாக நகர்த்தி, முள் எங்கே, கை எங்கே என்று எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டேன்.

4வது நிமிடம், தேங்காய்: சரி. 22வது நிமிடம், தவில்: சரி. 26வது நிமிடம், தவில்: பத்துப் படம் பிந்தி. 41வது நிமிடம், கைதட்டல்: அதே பத்து. 58வது நிமிடம், தம்ளர்: இருபத்தைந்து. 1 மணி 12 நிமிடத்தில் மாமா பேசும் இடம்: முப்பத்தைந்து. அதன் பிறகு கடைசி வரை முப்பத்தைந்தேதான். அதாவது 1.4 விநாடி.

சீராக வளரவில்லை, மூன்று இடத்தில் படியேறியிருக்கிறது. அந்த மூன்று இடத்தையும் தேடிப் பார்த்தால், மூன்றிலும் திரையின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடின. நாடா கசங்கிய இடங்கள். மொத்தமாக ஒலியை நகர்த்தியிருந்தால் மாமா சரியாகியிருப்பார், முதல் ஒரு மணி நேரம் கெட்டுப்போயிருக்கும். நீட்டிச் சுருக்கியிருந்தால் எந்த இடமும் முழுதாகச் சரியாகியிருக்காது.

'ப'வும் 'ம'வும்

மாமா பேசும் இடத்தில் தேங்காயும் இல்லை, தவிலும் இல்லை. அங்கே எப்படி முப்பத்தைந்து என்று அளந்தேன்? உதட்டை வைத்து.

நம் இலக்கணத்தில் இதற்கு வழி இருக்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று சொல்கிறது. பகரமும் மகரமும் இரண்டு இதழும் சேர்வதால் பிறப்பவை. அந்த இரண்டு எழுத்தையும் உதடு மூடாமல் சொல்லவே முடியாது. இப்போதே சொல்லிப் பாருங்கள். ஆக ஒவ்வொருவர் வாயிலும் ஒரு க்ளாப் போர்டு இருக்கிறது. 'சாப்ட்டுட்டு' என்பதில் உதடு ஒட்டிப் பிரிகிற படத்தையும் அந்த 'ப்' ஒலியையும் சேர்த்து எண்ணினேன். முப்பத்தைந்து.

இதிலேயே இன்னொரு விஷயமும் புரிந்தது. 'ப'வுக்கும் 'ம'வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். வித்தியாசம் மூக்கு வழியாகக் காற்று போவதில். அது வெளியே தெரியாது. உதட்டை மட்டும் பார்ப்பவருக்கு 'அப்பா'வும் 'அம்மா'வும் ஒன்றுதான். எது என்று ஒலிதான் சொல்ல வேண்டும். அந்த ஒலியோ 1.4 விநாடி பின்னால், ரச வாளியின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

வெட்டுவதா, நிறுத்துவதா?

படம் குறைவு, ஒலி அதிகம். சரிக்கட்ட இரண்டு வழி. ஒன்று, அந்த மூன்று இடத்திலும் கூடுதலாக உள்ள ஒலியை வெட்டி எறிவது. இன்னொன்று, விழுந்துபோன படங்களுக்குப் பதிலாக, அங்கே உள்ள கடைசிப் படத்தை அத்தனை தடவை நிறுத்திக் காட்டுவது. முதல் வழி சுலபம். ஆனால் வெட்டுகிற அரை விநாடியில் யாரோ ஒருவர் பேசியிருப்பார். இந்தக் கல்யாணத்தில் பேசிய பெரியவர்கள் பாதிப் பேர் இப்போது இல்லை. நான் படத்தை நிறுத்தினேன். பத்து, பதினைந்து, பத்து. திருமண மேடையில் 0.4 விநாடி பூமாலை அசையாமல் நின்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

பிறகுதான் படித்தேன், இதே வேலையைப் பேசும் படம் வந்த புதிதில் தியேட்டர் ஆபரேட்டர்களும் செய்திருக்கிறார்கள். 1926, 27 வாக்கில் அமெரிக்காவில் 'வைட்டாஃபோன்' முறையில் படம் ஃபிலிமில், ஒலி தனியாக ஒரு பெரிய இசைத்தட்டில் ஓடும். 'தி ஜாஸ் சிங்கர்' அப்படி வந்ததுதான். ஃபிலிம் அறுந்து நான்கு படம் போய்விட்டால், வெறுமனே ஒட்டினால் அங்கிருந்து உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். அதனால் போன படங்களுக்குப் பதிலாக அதே எண்ணிக்கையில் கறுப்பு ஃபிலிமை ஒட்டிச் சேர்ப்பார்களாம். ஃபிலிம் ஓரத்திலேயே ஒலியையும் பதியும் முறை நிலைத்த பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது. 1931ல் நம் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வந்தபோது உலகமே அந்தத் தொல்லையிலிருந்து அப்போதுதான் மீண்டுகொண்டிருந்தது.

வேலை முடிந்ததும் புதிய டி.வி.டி. ஒன்றில் மெதுவான வேகத்தில் பதிந்து, சரிபார்க்கும் வசதியையும் ஓடவிட்டேன். டி.வி.டி.யில் படமும் ஒலியும் சேர்ந்து விநாடிக்கு சுமார் 10 மெகாபிட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அதன் விளிம்பில் வைத்தால் பழைய பிளேயர்கள் திணறும். ஆறு, ஏழு என்று வைத்தால் நிம்மதி. கேசட்டிலிருந்து வந்த படத்துக்கு அதுவே தாராளம்.

எங்க அம்மா

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு, அத்தை டி.வி. முன்னால் உட்கார்ந்தார். காது மெஷினைச் சரிசெய்துகொண்டார். முதலிலிருந்தே பார்ப்பேன் என்றார். ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் யாரும் எழவில்லை.

மாமா கேமராவைப் பார்த்தார். "எல்லாரும் இருந்து சாப்ட்டுட்டுத்தான் போவணும்." ஒரு மூச்சு. பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, "எங்க அம்மா சொல்லச் சொன்னாங்க."

இத்தனை வருஷமும் ரச வாளிக் காட்சியில் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தைதான். பந்தியில் யாரோ யாரிடமோ பேசுகிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். "அம்மாவா?"

"அம்மாதான் அத்தை."

மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவை சிரிக்க ஆரம்பித்தார். "அன்னிக்கே அம்மா புள்ளதான். நான்தான் கவனிக்கல" என்றார். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த சைக்கிள்லதான் இருவது வருசம் உப்பளத்துக்குப் போனாரு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் தெருவில் மூன்று பேர் தங்கள் வீட்டுத் தகட்டோடு வந்து நின்றார்கள். அத்தைதான் அனுப்பியிருக்கிறார்.

உங்கள் வீட்டுத் தகட்டுக்கு

வந்தவர்களிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பழுது பார்ப்பது பிறகு இருக்கட்டும், முதலில் நகல் எடுங்கள். நாமே பதிந்த டி.வி.டி.யில் தகவல் இருப்பது ஒரு மெல்லிய சாயப் பூச்சில். வெயிலும் ஈரமும் அதற்கு எதிரி. கணினியில் ஒரு பிரதி, ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, வேறு ஊரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ ஒரு பிரதி. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் புயலும் வெள்ளமும் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. 2020 நவம்பரில் நிவர் புயல் கரையைக் கடந்தது எங்கள் மரக்காணம் பக்கத்தில்தான்.

கேசட் கையில் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். டி.வி.டி.யில் விழுந்துபோன படங்கள் கேசட்டில் இன்னும் இருக்கலாம். பூஞ்சை பிடித்த நாடாவை மட்டும் எந்த டெக்கிலும் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம். நாடாவும் கெடும், டெக்கும் கெடும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஸ்டுடியோவில் மாற்றக் கொடுத்தால், வாங்கும்போது முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டச் சொல்லுங்கள். அதுவும் பாட்டு போட்ட இடம் வேண்டாம், யாராவது பேசும் இடம்.

இப்போது போனில் எடுக்கிறோமே, இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். வெளிச்சத்துக்குத் தக்கபடி போன் விநாடிக்கு எத்தனை படம் என்பதைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். சில எடிட்டிங் மென்பொருள்கள் அதை ஒரே சீரானது என்று எண்ணிக்கொண்டு சேர்ப்பதால், நீளமான வீடியோவில் அதே வளரும் பிசகு வருகிறது. எடிட் செய்வதற்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாறாத பட வேகத்துக்கு மாற்றிக்கொண்டால் தப்பலாம்.

இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனால் பாட்டியையோ, தாத்தாவையோ, அதிகம் பேசாத சித்தப்பாவையோ உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேசவிட்டு எடுங்கள். முகம் நன்றாகத் தெரியட்டும், பின்னணியில் பாட்டு வேண்டாம். பேச்சு தொடங்கும் முன் கேமராவுக்கு முன்னால் ஒரு தடவை கை தட்டச் சொல்லுங்கள், முடித்த பிறகு இன்னொரு தடவை. இரண்டு கைதட்டல் இருந்தால், பிறகு எந்தக் கருவியில் எப்படிப் பிசகினாலும் அளந்து சரிசெய்துவிடலாம். எதற்குக் கை தட்டுகிறோம் என்று பாட்டி கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்தே பேச்சை ஆரம்பித்துவிடலாம்.